கண்ணைக் காக்கும் மூலிகைகள்: சீனத்து முறையும் நம் நாட்டுச் சரக்கும்

சென்னை மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டில் இருக்கும் ‘டப்பா செட்டி கடை’யை அறியாத பழங்குடும்பங்கள் அப்பகுதியில் குறைவு. நூறு ஆண்டுகளைக் கடந்து நடைபெற்று வரும் அந்த நாட்டு மருந்துக் கடை போன்ற கடைகளில் தகரை விதை, நெருஞ்சி முள், காய்ந்த கரிசலாங்கண்ணி ஆகிய மூன்றும் அன்றாடச் சரக்குகள். நம்மவர் தகரை விதையைப் படர்தாமரைக்கு அரைத்துப் பூசுவர். நெருஞ்சியை நீர்க்கடுப்புக்குக் கஷாயமாக்குவர். கரிசலாங்கண்ணியைக் காமாலைக்கும் கூந்தல் தைலத்துக்கும் வாங்குவர். இம்மூன்றையும் சிங்கப்பூரிலோ பினாங்கிலோ உள்ள சீன மருந்துக் கடைக்காரரிடம் காட்டினால், அவர் முதல் இரண்டையும் கண்ணுக்குரிய மருந்து என்றே சொல்லுவார். மூன்றாவதைக் கல்லீரலுக்கும், அதன் வழியாகக் கண்ணுக்கும் உரியது என்பார்.

செடி ஒன்று, பயன் வேறு என்னும் இந்நிலை எவ்வாறு வந்தது? சீனர் கூறுவதில் எவ்வளவு உண்மை? நூலிழையை நம்பி வாழும் நெசவாளரும், நெற்கதிருக்கு நடுவே குனிந்து நிற்கும் விவசாயியும் இதில் எதைக் கொள்ளலாம், எதைத் தள்ள வேண்டும்? கண் போனால் தறியும் இல்லை, கழனியும் இல்லை என்ற நிலையில் வாழும் நம் அங்கத்தினர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி அன்று. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

சீன வைத்தியத்தில் ஒவ்வோர் உள்ளுறுப்புக்கும் உடலின் மேற்புறத்தில் ஒரு வாயில் உண்டு. கல்லீரலுக்கு வாயில் கண் என்பது அவர்கள் கொள்கை. கண் சிவந்தால் ஈரலில் சூடு. கண் வறண்டால் ஈரலில் இரத்தக் குறைவு. இவ்வாறு அவர்கள் கணக்கிடுவர். தகரை விதைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஜுயே மிங் ட்ஸு’. பார்வையைத் தெளிவாக்கும் விதை என்பது அதன் கருத்து. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதெனக் கருதப்படும் ‘ஷென் நோங் பென் ட்ஸாவ் ஜிங்’ என்னும் அவர்களுடைய முதல் மருந்துச் சரக்கு நூலிலேயே இந்த விதை இடம் பெற்றிருக்கிறது. இன்றும் அதனை வறுத்து, தேநீர் போலக் கொதிக்கவைத்துப் பருகுகின்றனர். நம் சாலையோரங்களில் மழைக்குப் பின் தானே முளைத்துப் பரவும் தகரைதான் இது, வேறொன்றுமில்லை.

இதில் ஒரு சுவையான வரலாறும் கலந்திருக்கிறது. சீனாவின் தாங் வமிசக் காலத்துப் பெருங்கவிஞர் பை ஜூயி (772–846) முதுமையில் கண்நோயால் வருந்தியவர். தம் கண்நோயைப் பற்றி அவர் எழுதிய பாட்டில் இரண்டு பொருள்களைக் குறிப்பிடுகிறார். ஒன்று, ஜுயே மிங் மாத்திரை. மற்றொன்று, ‘லோங் ஷு’ இயற்றியதாகச் சொல்லப்படும் கண் வைத்திய நூல். லோங் ஷு என்பது வேறு யாருமல்லர். நம் நாட்டு நாகார்ச்சுனருக்குச் சீனர் வழங்கிய பெயர் அது. அதே காலத்தில் வாழ்ந்த லியு யூஷி (772–842) என்னும் கவிஞரோ, தமக்குக் கண் வைத்தியம் பார்க்க வல்ல ஓர் இந்தியத் துறவிக்கே பாட்டெழுதியிருக்கிறார். பௌத்தத் துறவிகளோடு இந்தியக் கண் வைத்தியமும் கடல் வழியாகவும் பாலைவன வழியாகவும் சீனத்துக்குச் சென்றது என்பதற்கு இவை போதிய சான்றுகள். நாம் இன்று ‘சீன வைத்தியம்’ என்று வியப்பதில் ஒரு பங்கு நம் வீட்டிலிருந்து சென்றதேயாகும்.

அவ்வாறு சென்றவற்றுள் முதன்மையானது மூலிகையன்று, ஊசி. கண்புரை விழுந்த கண்ணில் ஊசியைச் செலுத்தி, வெண்மையான வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளிவிடும் முறை சுசுருத சம்ஹிதையில் கூறப்பட்டிருக்கிறது. சீனர் அதனைத் ‘தங்க ஊசி’ என்று போற்றினர். அக்காலத்துக்கு அது பெரிய வித்தை. குருடர் சிலர் உடனே வெளிச்சம் கண்டனர். ஆனால், தள்ளப்பட்ட வில்லை கண்ணுக்குள்ளேயே கிடந்து, பின்னர் வீக்கமும் கண்ணழுத்தமும் உண்டாக்கிப் பலருடைய பார்வையை அடியோடு போக்கிற்று. இதனைக் கணக்கெடுத்து உலகுக்கு எடுத்துக்காட்டியவர் நம் சென்னையில் பணியாற்றியவரே. 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையின் தலைவராக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், ஊர் ஊராகச் சென்று ஊசி போட்ட வைத்தியர்களிடம் பார்வையை ஒப்படைத்துப் பின்னர் தம்மிடம் வந்தவர்களை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். வெற்றியைவிடத் தோல்வியே மிகுதி என்பது அவர் கண்ட முடிவு. இன்று புரை விழுந்த வில்லையை வெளியே எடுத்துச் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். பழைய முறையின் நோக்கம் சரி, கருவிதான் போதவில்லை.

கண்நோய்களை எண்ணிப் பெயரிடுவதில் இரு நாட்டாரும் சளைத்தவரல்லர். சுசுருதர் 76 என்றார். அஷ்டாங்க ஹிருதயம் 94 என்றது. நம் சித்தர் மரபு 96 என்று கொள்ளும். சீனரோ 72 என்றனர். அகத்தியர் பெயராலும் நாகமுனிவர் பெயராலும் ‘நயன விதி’ என்னும் நூல்கள் தமிழில் வழங்குகின்றன. நாகமுனிவர் என்ற பெயரைக் கண்டவுடன் அவர்தாம் சீனத்து நாகார்ச்சுனர் என்று முடிச்சுப்போட ஆசையாக இருக்கும். பெயரொற்றுமை ஒன்றைக் கொண்டு அவ்வாறு முடிவு கட்டுவது முறையன்று. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் (ஆட்சிக்காலம் 1798–1832) கண்நோயாளிகளின் குறிப்பேடுகளைப் படங்களுடன் எழுதி வைக்கச் செய்தார். அவை சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. நோயைப் பார்த்து எழுதி வைப்பது மேல்நாட்டார் மட்டுமே அறிந்த வழக்கம் என்று எண்ணுவோர் அவற்றை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஈரலும் கீரையும்

கல்லீரலுக்கு வாயில் கண் என்ற சீனக் கொள்கையைக் கேட்டு நகைப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்னும் சீன வைத்தியர் மாலைக்கண்ணுக்கு ஆட்டீரலை உணவாகக் கொடுத்தார். நம் கிராமங்களிலும் மாலைக்கண் கண்ட குழந்தைக்கு ஆட்டீரலைச் சுட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. இருவருக்கும் காரணம் தெரியாது, பலன் தெரியும். காரணம் பின்னர்தான் விளங்கிற்று. விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் பொருள் ஒன்று உண்டு. அதனை ஆக்குவதற்கு ‘ஏ’ வைட்டமின் இன்றியமையாதது. உயிரினங்களின் உடலில் ‘ஏ’ வைட்டமின் சேமித்து வைக்கப்படும் களஞ்சியம் கல்லீரலே. விழித்திரையில் இந்த வைட்டமின் இருப்பதை 1933-இல் கண்டறிந்த ஜார்ஜ் வால்டு, பார்வையின் இரசாயனத்தை விளக்கியமைக்காக 1967-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சீனக் கிழவர் சொன்ன காரணம் வேறு. கொடுத்த மருந்து சரியானது.

ஈரல் உண்ணாதவர் என்ன செய்வது? இங்கேதான் நம் கீரைகள் வருகின்றன. பொன்னாங்கண்ணி, முருங்கை, அகத்தி, முளைக்கீரை, கறிவேப்பிலை முதலிய கரும்பச்சை இலைகளிலும், பப்பாளி, மாம்பழம், மஞ்சள் பூசணி ஆகியவற்றிலும் ‘கரோட்டின்’ என்னும் நிறப்பொருள் இருக்கிறது. உடல் அதனை ‘ஏ’ வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. ஆனால் இம்மாற்றம் சிக்கனமானதன்று. உணவிலுள்ள 12 பங்கு கரோட்டினிலிருந்து ஒரு பங்கு வைட்டமினே கிடைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதிலும் கரோட்டின் எண்ணெயில் கரைவது, நீரில் கரையாது. எண்ணெய் சிறிதும் இன்றி வேகவைத்து உண்ட கீரையிலிருந்து கிடைப்பது சொற்பமே. பொன்னாங்கண்ணியைப் பருப்புடன் கடைந்து நெய் சேர்த்தும், முருங்கைக் கீரையை நல்லெண்ணெயில் வதக்கியும் உண்ட நம் பாட்டிமார் இந்தக் கணக்கைப் படித்தவரல்லர். ஆயினும் அவர்கள் சமைத்ததே சரியான பக்குவம்.

பொன்னாங்கண்ணியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஒரு மண்டலம் அதனை உண்டால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்பர். இது அன்பு மிகுதியால் சொன்ன சொல். ‘ஏ’ வைட்டமின் குறைவால் வந்த மாலைக்கண் நல்ல உணவால் தீரும். அக்குறைவு இல்லாதவருக்கு எவ்வளவு கீரை தின்றாலும் பார்வை கூடப்போவதில்லை. சாதாரணப் பொன்னாங்கண்ணி வரப்போரத்திலும் வாய்க்காற்கரையிலும் தானே வளர்வது. சந்தையில் சிவப்பாக விற்கும் சீமைப் பொன்னாங்கண்ணி வேறு இனம், உண்ணத் தக்கதே. ஆனால் நகரத்துக் கால்வாய்களின் கரையில், கழிவு நீரில் தழைத்தவற்றை அரிந்து கொணர்ந்து விற்பதும் உண்டு. அடையாற்றங்கரையில் பசுமையாக இருப்பதெல்லாம் பொன்னாங்கண்ணி என்று பறித்துவிடக் கூடாது. பயிரிடும் அன்பர்கள் தம் கிணற்றுப் பாய்ச்சலில் இரண்டு பாத்தி ஒதுக்கினால் வீட்டுக்கும் ஆகும், சந்தைக்கும் ஆகும்.

சிறு குழந்தைகளுக்கு மட்டும் கீரையை நம்பி இருத்தல் போதாது. 1970 முதல் இந்திய அரசாங்கம் குழந்தைகளுக்கு ‘ஏ’ வைட்டமின் திரவம் கொடுத்து வருகிறது. ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம் அலகு. பின்னர் ஐந்து வயது வரையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் அலகு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இதனைத் தவறவிடுதல் கூடாது.

சாமந்தியும் சிவப்புப் பழமும்

சீனர் கண்ணுக்கென்று அருந்தும் பானங்களுள் பெயர் பெற்றது சாமந்திப் பூவும் ‘கோஜி’ என்னும் சிறு சிவப்புப் பழமும் சேர்ந்த தேநீர். கோஜி நம் கத்தரி, சுண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனாவின் வடமேற்கில் நிங்ஷியா என்னும் பகுதியில் பெருமளவு பயிராகிறது. விழித்திரையின் நடுவே கூர்ந்து பார்க்கும் இடத்தில் மஞ்சள் நிறப்பொருள்கள் இரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்று கோஜிப் பழத்தில் மிகுதியாக இருப்பது உண்மை. சென்னையில் உலர்பழம் விற்கும் பெரிய கடைகளில் இப்போது இது நல்ல விலைக்கு விற்கப்படுகிறது. அவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதே நிறப்பொருள் மஞ்சள் மக்காச்சோளத்தில் உண்டு. மற்றொன்று முருங்கைக் கீரையில் உண்டு. மேலும், இரத்தம் உறையாமல் இருக்க ‘வார்ஃபரின்’ மாத்திரை உண்பவர்கள் கோஜியைத் தொடலாகாது. மாத்திரையின் வேகத்தை அது கூட்டி, இரத்தக் கசிவை உண்டாக்கியதாக மருத்துவ ஏடுகளில் செய்தி உண்டு.

சாமந்தியோ நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திண்டுக்கல் வட்டாரத்து விவசாயிகளின் பயிர். அப்படியானால் நாமும் பூத் தேநீர் செய்து விற்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றுவதில் தவறில்லை. ஆனால் மாலை கட்டுவதற்கென்று வளர்க்கும் பூவுக்குக் கடைசி நாள் வரையில் பூச்சி மருந்து தெளிக்கிறோம். மயிலாப்பூர் மாட வீதியிலும் தியாகராய நகர்ச் சந்தையிலும் வாங்கும் பூ சுவாமிக்குச் சாத்துவதற்கும் தலையில் சூடுவதற்கும் உரியது. கொதிக்கவைத்துக் குடிப்பதற்கு உரியதன்று. சீனர் தேநீருக்கென்று தனி வகைகளைத் தனி முறையில் வளர்த்து உலர்த்துகின்றனர். அவ்வாறு செய்ய விரும்புவோர் பாத்தியிலிருந்தே வேறாகத் தொடங்க வேண்டும். தகரை விதைக்கும் நம் நாட்டிலிருந்து ஏற்றுமதி இருக்கிறது. களையென்று பிடுங்கி எறிவதற்கு வெளிநாட்டில் வாங்குவார் உண்டு என்பதை நம் சங்கங்கள் மனத்திற்கொள்ளலாம். தகரைத் தேநீர் பேதியாகும் என்பதையும் உடன் சொல்லிவிடுகிறேன்; வயிறு இளகியவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

சரக்கின் தூய்மையைப் பற்றிப் பேசும்போது சென்னையில் நடந்த ஒரு கூட்டுறவு முயற்சியைச் சொல்லாமல் இருக்க இயலாது. நாட்டு வைத்திய முறைகளை ஆராய 1921-இல் சென்னை மாகாண அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் முகம்மது உஸ்மான். தியாகராய நகரில் உஸ்மான் ரோடு என்று நாம் நாள்தோறும் சொல்வது அவர் பெயரையே. செயலாளர் காப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி; ஆங்கில வைத்தியம் கற்று, நம் வைத்தியத்தையும் ஆழ்ந்து பயின்றவர்; பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் விளங்கினார். 1923-இல் வெளிவந்த குழுவின் அறிக்கையின் பயனாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றிற்று. அதற்கும் முன்பே, 1905-இல், மயிலாப்பூரில் வி. கிருஷ்ணசாமி ஐயர் வேங்கடரமணா ஆயுர்வேத மருந்தகத்தை நிறுவி ஏழைகளுக்கு மருந்து கிடைக்கச் செய்திருந்தார்.

பள்ளி வந்தது, வைத்தியர்கள் வந்தனர், மருந்து? ஒவ்வொரு வைத்தியரும் தாமே சரக்கு வாங்கி, இடித்து, காய்ச்சி, புடமிட்டு வந்தார். நல்ல சரக்குக்கும் பொய்ச் சரக்குக்கும் வேறுபாடு அறியாத இடைத்தரகரிடம் அவர் சிக்கினார். இதற்குப் பரிகாரமாக 1944-இல் சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியர்கள் ஒன்று சேர்ந்து, தாமே பங்குதாரராகி, இந்திய மருத்துவர் கூட்டுறவு மருந்து செய் நிலையத்தை ஏற்படுத்தினர். ‘இம்ப்காப்ஸ்’ என்று அழைக்கப்படும் அந்த நிலையம் அடையாற்றை அடுத்த திருவான்மியூரில் இருக்கிறது. மூன்று முறைகளின் மருந்துகளும் ஒரே கூரையின் கீழ், பாடம் எழுதி வைத்த அளவின்படி செய்யப்படுகின்றன. ஆயுர்வேத மருந்துகளுக்கு ‘வைத்திய யோக ரத்நாவளி’ என்ற பெயரிலும், சித்த மருந்துகளுக்குத் தனியாகவும் செய்முறைத் தொகுதிகளை அந்நிலையம் அச்சிட்டு வெளியிட்டது. குடும்ப இரகசியம் என்று ஓலையில் மறைத்தவற்றை அச்சில் ஏற்றியது சிறு காரியமன்று. நூலைச் சங்கம் வாங்கித் தர, நெசவாளர் நெய்ய, துணியைச் சங்கம் விற்கும் நம் ஏற்பாட்டுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நான் விளக்க வேண்டியதில்லை.

கொல்லும் சரக்கு

தூய சரக்கும் சில வேளை நஞ்சாகும். சீனர் கண் சிவப்புக்கும் ஈரற் சூட்டுக்கும் ‘லோங்தான் ஷியேகான்’ என்னும் மாத்திரை கொடுப்பர். அதில் சேரும் கொடிச் சரக்கு ஒன்றுக்குப் பதிலாக வேறொரு கொடியைச் சேர்த்து வந்தனர். அந்த மாற்றுக் கொடி ஆடுதின்னாப்பாளையின் இனம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கச் செய்து, புற்றுநோயையும் உண்டாக்க வல்லது. கண் சிவப்புக்கு மாத்திரை தின்றவர்கள் சிறுநீரகத்தை இழந்தனர். 2003-இல் சீன அரசாங்கம் அக்கொடியை மருந்தில் சேர்க்கக் கூடாதென்று தடை செய்தது. நம் ஆடுதின்னாப்பாளையிலும், பெருமருந்து என்னும் ஈச்சுரமூலியிலும் அதே அமிலம் இருக்கிறது. தொன்றுதொட்டு வழங்குகிறது என்பது ஒன்றே ஒரு சரக்கு தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. பத்து ஆண்டு கழித்து வரும் கேட்டைப் பத்து நாள் மருந்து கொடுத்த வைத்தியர் எவ்வாறு கண்டிருக்க முடியும்?

கண்ணின்மேல் நேரே இடும் மருந்துகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். உண்ணும் கீரை வயிற்றின் வழியே செல்வது. பிழிந்து விடும் சாறு கிருமியோடும் மண்ணோடும் விழியில் விழுவது. கண்வலி கண்டால் நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் ஒற்றுவது நம் வழக்கம். மூடிய இமையின்மேல் குளிர்ந்த பூவை வைப்பதில் இதம் உண்டு. ஆனால் அதன் காம்பில் வடியும் பால் விழிக்கு எரிச்சல் தருவது. ஒருவர் ஒற்றிய பூவையோ துணியையோ இன்னொருவர் தொட்டால் நோயும் உடன் செல்லும். நாடெங்கும் ‘மெட்ராஸ் ஐ’ என்று நம் நகரத்தின் பெயரைச் சுமந்து திரியும் கண்வலி அத்தகையதே. 1918-ஆம் ஆண்டையொட்டிச் சென்னையில் அது பரவியபோது எழும்பூர் மருத்துவமனையின் கிர்க்பாட்ரிக் அதனை விவரித்து எழுதினார். பெரும்பாலும் ஒரு நுண்கிருமியால் வரும் அந்நோய் ஓரிரு வாரத்தில் தானே தணியும். கைகழுவுதலும் தனித் துணியும் தவிர அதற்கு வேறு பெரிய மருந்து இல்லை.

கத்தியின்றிப் புரையைக் கரைக்கிறேன், கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன் என்று விளம்பரம் செய்வோரையும் கவனிக்க வேண்டும். குருடு, கண்புரை, கண்ணழுத்த நோய் ஆகியவற்றை மருந்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். கண்ணழுத்த நோய் மிகவும் வஞ்சகமானது. வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப் பார்வை மெல்ல மெல்லக் குறைந்து, தெரிந்துகொள்ளும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். சென்னையிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் சங்கர நேத்ராலயாவின் மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், இந்நோய் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். கீரையோ, திரிபலா சூரணமோ, சீனத்து மாத்திரையோ இழந்ததை மீட்டுத் தர மாட்டா.

நெசவாளருக்கு வருவோம். நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து வருவது நோயன்று. கண்ணின் வில்லை இறுகுவதால் எல்லோருக்கும் வருவது. ஆனால் எழுத்தர் நாற்பதில் புத்தகத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சமாளிப்பார். நெசவாளர் தறியைத் தள்ளிப் பிடிக்க இயலுமா? பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைச் சேர்த்துப் பிணைக்கும் வேலையில்தான் அது முதலில் தெரியும். பின்னர் அறுந்த இழை கண்ணில் படாமல் துணியில் கோடு விழும். சரிகைப் பூவில் பிசகு வரும். சங்கத்தில் துணியைத் தள்ளுவார்கள், கூலி குறையும். இதனைக் கண் சூடு என்று எண்ணி எண்ணெய் தேய்த்தும், பொன்னாங்கண்ணித் தைலம் வாங்கியும் ஆண்டுக்கணக்கில் காலம் கடத்துவோர் உண்டு. தைலம் தலைக்குக் குளிர்ச்சி தரலாம். இறுகிய வில்லையை இளக்காது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனையில், கிட்டப்பார்வைக் கண்ணாடி பெற்றவர் பறித்த இலை, பெறாதவர் பறித்ததைவிட ஏறக்குறைய 22 விழுக்காடு கூடியது. வங்காள தேசத்துக் கிராமங்களில் கைத்தொழில் செய்வோரிடம் நடத்தி 2024-இல் வெளியான மற்றொரு சோதனையில், கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. தறிக்கூடத்துக்கு இவ்வளவு மலிவான கருவி வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகத்துக்கு வருவோர் அதே எழும்பூரில் உள்ள அரசினர் கண் மருத்துவமனையில் கண்ணாடி அளவோடு கண்ணழுத்தத்தையும் பார்த்துக்கொண்டு திரும்பலாம்.

விவசாயிக்கு ஆபத்து வேறு. கதிரடிக்கும்போது நெல்லின் சுணையோ, கரும்புச் சோலையோ, வைக்கோல் துகளோ கருவிழியைக் கீறும். கீறல் சிறிது; ஆனால் அதன் வழியே கிருமியும் பூஞ்சணமும் புகுந்து புண்ணாகும். மதுரை மாவட்டத்தில் 1990-களில் எடுத்த கணக்கின்படி ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாயிற்று. 1994-இல் மூன்று மாதத்தில் மதுரைக்கு வந்த 434 நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பூஞ்சணமே காரணம். இவர்களுள் பலர் முதலில் செய்வது என்ன? துகளை நாவால் எடுக்கச் சொல்வார்கள், தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் இடுவார்கள், பச்சிலையைப் பிழிவார்கள், அல்லது மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்குவார்கள். கடைசியாகச் சொன்னது மிகக் கொடியது. சிவப்பை உடனே குறைத்துக் காட்டி, பூஞ்சணத்தை உள்ளே வளரவிடும்.

நேபாளத்தில் பக்தபூர் என்னும் ஊர்ப்புறத்தில் 34,902 பேரை இரண்டாண்டு கவனித்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். கருவிழி கீறுண்ட 442 பேருக்குக் கிராம ஊழியர்களே குளோராம்பெனிகால் களிம்பை நாள் மூன்று வேளை, மூன்று நாள் இட்டனர். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களுள் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. பின்னர் அந்நாட்டிலேயே பெரிய அளவில் நடந்த மற்றொரு சோதனையில், தொண்டர்களை அமர்த்தியதனால் மட்டும் ஊர் முழுமைக்கும் புண்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. களிம்பு ஊரில் இருந்தால் போதாது. அடிபட்டவர் அன்றே வர வேண்டியிருக்கிறது. பூஞ்சணப் புண்ணுக்கு நல்ல மருந்து எது என்பதையும் அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த சோதனை தீர்த்து வைத்தது. புதிய விலையுயர்ந்த மருந்தைவிடப் பழைய ‘நேட்டாமைசின்’ சொட்டே மேலானது என்று 2013-இல் வெளியிட்டனர்.

ஆதலால் அறுவடை தொடங்குமுன் சங்கத்துக்கு நாலைந்து மூக்குக் கண்ணாடிக் கவசங்களை வாங்கி, கதிரடிப்போருக்குக் கொடுத்தல் நன்று. கண்ணில் துகள் விழுந்தால் காய்ச்சி ஆறவைத்த நீரால் தாராளமாகக் கழுவுக; தேய்க்க வேண்டாம்; சாறு எதுவும் வேண்டாம். கழுவிய பின்னும் உறுத்தலோ வலியோ கூச்சமோ இருந்தால் மறுநாள் சந்தைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், அன்றே அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனைக்குச் செல்க. முன்பு போட்ட சொட்டு மருந்தின் புட்டியையும் மறவாமல் கையோடு எடுத்துச் செல்க. அதில் என்ன இருந்தது என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.